சுவரைத் துளைக்கும் முன் ஒயரைச் சோதியுங்கள்: எங்கள் குடியிருப்புச் சங்கச் செயற்குழுவுக்குத் திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய நான்காவது தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். அங்கேயே கையைத் தூக்கி எதிர்த்தேன். மினிட்ஸ் நோட்டில் "ஒருவர் தவிர அனைவரும் ஆதரவு" என்று மட்டும் இருக்கிறது. அந்த ஒருவர் ஏன் எதிர்த்தார் என்று எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

தீர்மானம் இதுதான். 36 வீடுகளுக்கும் வீட்டுக்கு இரண்டு 16 ஆம்பியர் ப்ளக் பாயிண்ட். வண்டி நிறுத்தும் இடத்தில் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் போட 12 பாயிண்ட். மொத்தமாகக் கொடுத்தால் மலிவு என்பதால் எல்லாம் ஒரே கான்ட்ராக்டருக்கு. இரண்டு கொட்டேஷன் வந்திருந்தது. ஒன்றின் முதல் வரியே "பழைய ஒயரிங் மற்றும் எர்த் சோதனை, வீட்டுக்கு 1,200 ரூபாய்". மற்றதில் அந்த வரியே இல்லை. இல்லாததைத் தேர்ந்தெடுத்தீர்கள். முதலாமவரிடம் அந்த ஒரு ஐட்டத்தை எடுத்துவிட்டுத் தரமுடியுமா என்று கேட்டதாகவும், சோதிக்காத வீட்டில் பாயிண்ட் போட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் பொருளாளரே கூட்டத்தில் சொன்னார். பிடிவாதக்காரர் என்று சிரித்தார்கள். வந்த இரண்டு பேரில் நம் வீட்டைத் தன் வீடாக நினைத்தவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது.

நான் 1991-லிருந்து இங்கே இருக்கிறேன். இந்தக் கட்டடம் 1984-ல் கட்டியது. சுவருக்குள் ஓடும் ஒயர் எப்படி இருக்கிறது என்று உங்களில் பலர் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை, பார்க்கும்படி ஆயிற்று.

போன வருஷம் மே மாதம் என் சமையலறையில் கருவாட்டு வாடை அடித்தது. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. முதல் நாள் கீழ்வீட்டுச் சமையல் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் பரணில் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேடினேன். மூன்றாம் நாள் காலை இண்டக்‌ஷன் அடுப்பின் ப்ளக்கைப் பிடுங்கப் போனால், வரவில்லை. ப்ளக்கும் சாக்கெட்டும் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளை பிளேட்டின் ஓரம் டீக்கறை படிந்த மாதிரி பழுப்பாகியிருந்தது. பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்த துணியின் சூடு.

சூடேறிக் கருகும் சாக்கெட் மீன் வாடை அடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு வாடை வந்தால் எலியைத் தேடாதீர்கள், ஸ்விட்ச் போர்டை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

வந்த ஒயர்மேன் அண்ணன் மெயினை அணைத்துவிட்டு பிளேட்டைக் கழற்றினார். வெளியே பளபளக்கும் மாடுலர் பிளேட். உள்ளே 1984-ன் அலுமினிய ஒயர். அதன் மேலிருந்த பிவிசி உறை, அவர் விரல் பட்டதும் பொரித்த அப்பளம் போல் நொறுங்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அந்த ஒயரோடு ஒரு புதுச் செம்பு ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, பெட்டிக்குள் திணித்திருந்தார்கள். டேப் கரியாகியிருந்தது. அந்த முறுக்கு 2009-ல் எனக்கு "எக்ஸ்ட்ரா பாயிண்ட்" போட்டுக் கொடுத்தவரின் வேலை. லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட லைனிலிருந்து ஒரு கிளை இழுத்து, அதன் முனையில் 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மணி நேர வேலை. அன்று நான் சந்தோஷமாகப் பணம் கொடுத்தேன். என்னிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவரும் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். அதே வேலையைத்தான் இப்போது நீங்கள் 36 வீட்டில் 72 இடத்தில் செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள்.

"இவ்வளவு எரிஞ்சும் எம்.சி.பி. ஏன் விழலைண்ணே?" என்று கேட்டேன். எம்.சி.பி. என்பது லைனில் கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து அணைக்கும் மெயின் போர்டு ஸ்விட்ச். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் இரண்டு பேர் "அதான் எம்.சி.பி. இருக்கே" என்றார்கள்.

"அடுப்பு எவ்வளவு கேக்குதோ அவ்வளவு கரண்ட்தாம்மா போயிருக்கு, அதிகமாப் போகலை. ஜாயிண்ட் லூசா இருந்து அந்த இடம் மட்டும் சூடாகியிருக்கு. எம்.சி.பி.க்கு அது எப்படித் தெரியும்?"

அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டால் ஒரு மெல்லிய படலம் உருவாகும், அது மின்சாரத்தைத் தடுக்கும். சூட்டில் விரிந்து, ஆறினால் சுருங்கி, சில வருஷத்தில் ஸ்குரூவின் பிடியிலிருந்து நழுவும். செம்போடு நேராக முறுக்கினால் இன்னும் சீக்கிரம் கெடும். இணைப்பு தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டினால் இன்னும் தளர்ச்சி. இதை எம்.சி.பி.யும் பார்க்காது, கரண்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி.யும் பார்க்காது. ஒரு மனிதர் பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

அப்புறம் அவர் மெயின் போர்டைத் திறந்தார். அந்த லைனில் 32 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தது. முதலில் 16 தான் இருந்தது, வெயில் காலத்தில் இரண்டு முறை விழுந்தது, "பெரிசா ஒண்ணு போட்டுட்டா விழாது" என்று அதே ஆள் மாற்றினார். ஆமாம், விழவே இல்லை. எம்.சி.பி. இருப்பது ஒயரைக் காப்பாற்ற. ஒயர் தாங்குவதைவிடப் பெரிய எம்.சி.பி.யைப் போட்டால், அது விழுவதற்கு முன்னால் ஒயர் எரிந்துவிடும். நம் மூன்று பிளாக்கிலும் எத்தனை வீட்டில் இப்படி 32 போட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பி பிளாக்கில் என் மாடியிலேயே மூன்று வீட்டில் பார்த்தேன். தரைத்தளத்தில் ஒரு வீட்டில் இன்னும் பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைதான், அதில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக ஒயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை மூன்று நான்காகச் சேர்த்துச் சுற்றியிருக்கிறார்கள்.

சோதனை என்றால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "டெஸ்டர் வெச்சுப் பார்ப்பாங்க, அதுக்கு ஆயிரத்து இருநூறா?" என்றார். டெஸ்டர் ஃபேஸ் வருகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். ஒயரின் உறை நன்றாக இருக்கிறதா, எர்த் வேலை செய்கிறதா, இணைப்பு இறுக்கமாக இருக்கிறதா, எதையும் சொல்லாது. என் வீட்டில் நடந்த சோதனை அரை நாள் பிடித்தது. எல்லா பல்பையும் கழற்றினார். ஃபிரிட்ஜ், டிவி, செல்போன் சார்ஜர் உட்பட எல்லா ப்ளக்கையும் பிடுங்கச் சொன்னார். மெயினை அணைத்தார். பிறகு கைப்பிடி சுற்றும் மெக்கரை எடுத்து, ஒவ்வொரு லைனாக, ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்துச் சுற்றினார். அது ஒயரின் மேல் 500 வோல்ட் கொடுத்து உறை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே முள் இறங்கினால் அந்த லைனை நம்பக்கூடாது என்றார். ஹால், இரண்டு படுக்கையறை லைன்களில் முள் நூறு பக்கம் நின்றது. சமையலறை லைனில் 0.2. குளியலறை ஹீட்டர் லைனில் ஒன்றை ஒட்டித் தடுமாறியது.

இதில் உங்களுக்கு முக்கியமான செய்தி இருக்கிறது. சோதித்ததால்தான் எனக்குச் செலவு குறைந்தது. முழு வீட்டுக்கும் ஒயர் மாற்ற வேண்டும் என்று பயந்திருந்தேன். மூன்று லைன் நன்றாக இருக்கிறது, கை வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். சமையலறைக்கும் ஹீட்டருக்கும் மட்டும் மெயின் போர்டிலிருந்து தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சுவரை உடைக்காமல் கேசிங்கில். மூன்று நாளில் வேலை முடிந்தது. பழைய வீடு என்றால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. எது கெட்டது, எது நல்லது என்று தெரியாமல் பாரத்தை ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அன்று நான் பார்த்த இன்னொரு விஷயத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஃபிரிட்ஜ் போட்டிருந்த மூன்று முனை சாக்கெட்டுக்குள், கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயரே வரவில்லை. அதற்குப் பதில், நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு விரல் நீளத்தில் ஒரு பச்சை ஒயர் துண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று ஓட்டையும் ஒழுங்காக இருக்கும். பல்ப் வைத்துப் பார்த்தால்கூட எரியும். ஆனால் மேலே எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால், அந்தத் துண்டு ஒயர் வழியாக ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். என் பேரன் அந்த ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கிறவன். 15 வருஷமாக அந்தத் துண்டு ஒயர் அங்கே இருந்திருக்கிறது.

எர்த் என்றதும் பழைய வாட்ச்மேன் தாத்தா நினைவுக்கு வருகிறார். மூத்த உறுப்பினர்களுக்கு அவரைத் தெரியும். கோடைக்காலத்தில் வாரம் ஒரு முறை, பி பிளாக் மீட்டர் ரூமுக்குப் பின்னால் சதுரமான சிமெண்ட் மூடியைத் தூக்கி, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுவார். குழிக்குள் இரும்புக் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டிருக்கும், அது காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். 2016-ல் வண்டி நிறுத்த டைல்ஸ் பதித்தபோது அந்த மூடியின் மேலேயே டைல்ஸ் போட்டுவிட்டார்கள். போன வாரம் நானும் இப்போதைய வாட்ச்மேனும் போய்த் தேடினோம். எந்த டைல்ஸுக்குக் கீழே என்றே தெரியவில்லை. மீட்டர் போர்டிலிருந்து எர்த்துக்கு இறங்கும், துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை தரையில் நுழையும் இடத்தில் துரு ஏறி, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. 36 வீட்டுக்கும் அடிப்படை அதுதான். புது சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை எதற்கு, அது போய்ச் சேரும் இடம் இப்படி இருந்தால்?

இதற்கு மேல் 2015 டிசம்பர் வெள்ளம். நம் சென்னை அசோக் நகரில் அந்த வாரம் எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தரைத்தள வீடுகளில் கீழ் ப்ளக் பாயிண்ட்டுகளுக்கு மேலே தண்ணீர் நின்றது, மீட்டர் ரூமுக்குள்ளும் போனது. தண்ணீர் வடிந்ததும் ஸ்விட்சுகளை மாற்றினோம், வெள்ளையடித்தோம். சுவருக்குள் ஊறிய பைப்பையும் ஒயரையும் யாரும் சோதிக்கவில்லை. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இல்லை.

"40 வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று தலைவர் ஐயா கேட்டீர்கள். மரியாதையோடு பதில் சொல்கிறேன். அந்த 40 வருஷமும் ஒயருக்கு ஒரே வேலை இருக்கவில்லை. நான் குடிவந்தபோது ஒரு வீட்டில் நான்கு ட்யூப் லைட், மூன்று ஃபேன், ஒரு மிக்ஸி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ். 15 ஆம்பியர் பாயிண்ட் வீட்டுக்கு ஒன்றுதான். இன்று 3,000 வாட் கீசர் ஒன்றே 13 ஆம்பியர் எடுக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. 7, 8 ஆம்பியர். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9. காலை ஏழு மணிக்கு இந்த மூன்றும் ஒன்றாக ஓடினால் 30 ஆம்பியர், அதுவும் மீட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் அந்த ஒரே பழைய ஒயரில். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். அந்தச் சூட்டில்தான் பிவிசி காய்ந்து வெடிக்கிறது. இதற்கு மேல் வீட்டுக்கு இரண்டு பாயிண்ட் கொடுத்தால் மக்கள் அதில் எதைச் செருகுவார்கள்? 16 ஆம்பியர் ஓட்டை இருந்தால் 16 ஆம்பியர் சாமானைத்தான் செருகுவார்கள். அதற்குத்தானே கேட்கிறோம்? மின்வாரியத்தில் பதிவான மின்பளுவை எத்தனை வீடு கூட்டி வாங்கியிருக்கிறது என்பதையும் இந்தத் தீர்மானம் கேட்கவில்லை.

ஸ்கூட்டர் பாயிண்ட் விஷயத்தில் நான் எதிரி இல்லை. என் மருமகளே மின்சார வண்டிதான் ஓட்டுகிறாள். ஒரு சார்ஜர் 700, 800 வாட் என்றால் சின்னதுதான். ஆனால் 12 வண்டியும் ஒரே நேரத்தில் ஏறினால் 9 கிலோவாட்டை ஒட்டி வரும், கிட்டத்தட்ட 40 ஆம்பியர். ஏறுவது ராத்திரியில், மணிக்கணக்காக, எல்லோரும் தூங்கும்போது. இதை மோட்டாரும் மாடிப்படி விளக்கும் ஓடும் பொது லைனிலிருந்தே எடுக்கப் போகிறார் உங்கள் கான்ட்ராக்டர். அந்த இடம் மழை சாரல் அடிக்கும் இடம், குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் இடம்.

ஆர்.சி.சி.பி. பற்றியும் பேச வேண்டும். "அந்த டிரிப்பர் பழைய வீட்டுக்குச் சரிவராது, சும்மா சும்மா விழும்" என்று செயலாளர் சார் சொன்னீர்கள். உண்மைதான், விழும். உறை கெட்டு எங்கோ கரண்ட் கசிவதால் விழும். பழைய ஒயரிங்கில் ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனில் கடன் வாங்கியிருப்பதால் விழும். அது கருவியின் குறை இல்லை, உங்கள் சுவருக்குள் இருக்கும் குறையை அது சொல்கிறது. மனித உடம்பில் பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாதபடி தசை இறுகிவிடலாம். முப்பதுக்கு மேல் நெஞ்சு வழியாகக் கொஞ்ச நேரம் பாய்ந்தால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். அதனால்தான் வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் கருவி என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வரையறுத்திருக்கின்றன. நம் வீட்டிலிருக்கும் மிகச் சின்ன எம்.சி.பி. 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லி ஆம்பியர். ஒரு ஆள் ஷாக் அடித்து விழுந்து கிடந்தாலும் எம்.சி.பி.க்கு அது கணக்கிலேயே வராது.

இது என் சொந்த ஆசையும் இல்லை. வீட்டு ஒயரிங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 732. பழைய ஒயரிங்கில் புதிதாக எதையாவது சேர்த்தால், சேர்த்ததை மட்டும் பார்த்தால் போதாது, ஏற்கனவே இருப்பதன் பாதுகாப்பு அதனால் கெடவில்லை என்றும் உறுதி செய்ய வேண்டும் என்பது அதில் அடக்கம். எர்த்துக்கு ஐஎஸ் 3043 இருக்கிறது. இரண்டையும் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். கேள்விப்பட்டதில்லை என்றால் அவர் நம் சுவரைத் தொடக்கூடாது.

"வீட்டுக்குள்ள இருக்கிற ஒயரிங் அவங்கவங்க பொறுப்பு, சங்கம் ஏன் செலவு பண்ணணும்?" என்று சிலர் கேட்டதும் என் காதில் விழுந்தது. துளை போடுவது சங்கத்தின் தீர்மானப்படி என்றால் சோதிப்பது மட்டும் எப்படி அவரவர் பாடு ஆகும்? நம் வீடுகளுக்கு எர்த் ஒன்று, மீட்டர் ரூம் ஒன்று, மாடிப்படி ஒன்று. கீழ்வீட்டில் புகை வந்தால் மேல்வீட்டுக்காரர் இறங்குவதற்கு வேறு வழி கிடையாது. பாதி வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களால் ஒயர்மேனைக் கூப்பிட்டுச் சுவரைத் திறக்கச் சொல்ல முடியாது, உரிமையாளர்கள் ஊரில் இல்லை. 36 வீட்டுக்கும் சோதனைச் செலவு 43,200 ரூபாய். போன வருஷம் காம்பவுண்டு சுவருக்குப் பெயிண்ட் அடிக்க அதைப் போல் பல மடங்கு செலவழித்தோம். ஒருவர்கூட அன்று எதிர்க்கவில்லை, நான் உட்பட.

கூட்டத்துக்கு வராத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பி பிளாக்கில் நான்கு வீட்டில் வேலை செய்யும் பெண். போன மாதம் என் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மூணாவது மாடியில வாஷிங் மெஷினைத் தொட்டா கை சுருக்குன்னுதும்மா. சொன்னேன். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத் துவைன்னாங்க." ஈரத் தரையில், ஈரக் கையோடு, தினமும் அந்த மெஷினின் மூடியைத் திறக்கிறவர் அவர். நான் மேலே போய்ப் பேசினேன். குடியிருப்பவர்கள் நல்லவர்கள்தான், வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம், அவர் வெளிநாட்டில் இருக்கிறார், வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார் என்றார்கள். எர்த் சரியாக இருக்கும் மெஷின் அப்படிச் சுருக்கென்று இழுக்காது. இன்றைக்குச் சுருக்கென்று இழுப்பது, உள்ளே ஒரு ஒயரின் உறை கிழிந்த நாளில் முழு 230 வோல்ட்டாக இழுக்கும். அந்த மெஷின் இருக்கும் சுவரில்தான் உங்கள் வரைபடப்படி புது 16 ஆம்பியர் பாயிண்ட் வருகிறது.

சரி, நான் கேட்பது இவைதான்.

நான்காவது தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லவில்லை, நிறுத்தி வையுங்கள். கான்ட்ராக்டரின் ஆட்கள் வரும் திங்கட்கிழமை ஏ பிளாக்கில் துளை போடத் தொடங்குவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். அந்த நோட்டீஸை எடுத்துவிடுங்கள். முதல் வேலையாகப் பொது நிதியிலிருந்து மீட்டர் ரூமையும் எர்த்தையும் சோதியுங்கள். டைல்ஸை உடைத்து அந்தக் குழியைக் கண்டுபிடியுங்கள், கெட்டிருந்தால் புதுக் குழி போடுங்கள், இனிமேல் மூடி திறக்கிற மாதிரி விடுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று வாட்ச்மேன் வேலைப் பட்டியலில் எழுதுங்கள்.

அடுத்து, அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டு ஒவ்வொரு வீட்டையும் சோதிக்க வேண்டும். அவர் சாக்கெட் போடும் கான்ட்ராக்டராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு லைனுக்கும் மெக்கர் எவ்வளவு காட்டியது, எர்த் எவ்வளவு, எம்.சி.பி. எத்தனை ஆம்பியர், ஒயர் என்ன அளவு, அலுமினியமா செம்பா என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு, ஒன்று குடியிருப்பவருக்கு, ஒன்று சங்கத்துக்கு. "எல்லாம் ஓகே" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களின் வீட்டையும் விடாதீர்கள், உரிமையாளர்களுக்குச் சங்கத்தின் பெயரில் நீங்களே கடிதம் அனுப்புங்கள்.

எந்த வீடு தேறுகிறதோ அந்த வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய பிறகு பாயிண்ட் போடுங்கள். அதுவும் மெயின் போர்டிலிருந்து தனி லைனாக, லைட் லைனிலிருந்து கிளை இழுத்து வேண்டாம். தேறாத வீட்டில் பழுது பார்க்கும்வரை போடாதீர்கள், யார் சொன்னாலும், செயற்குழு உறுப்பினர் வீடாக இருந்தாலும். ஒயரின் அளவுக்கு மீறிய எம்.சி.பி.களைச் சோதனையின்போதே சரியான அளவுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் பாயிண்ட்டுகளுக்கு மீட்டர் ரூமிலிருந்து புது ஒயர், மழை புகாத பெட்டி, பாயிண்ட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. என்று புதிதாக கொட்டேஷன் வாங்குங்கள், அதற்கு முன் மின்பளுவைக் கூட்ட மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள்.

இதற்காக ஒரு சிறப்புக் கூட்டம் வேண்டும், இரண்டு வாரத்துக்குள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் மீட்டர் ரூம் வேலையாவது முடிந்திருக்க வேண்டும். என் வீட்டில் கருகிய சாக்கெட்டையும் நொறுங்கிய அந்த ஒயரையும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன், எல்லோரும் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்கு முன் இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் தாருங்கள். மினிட்ஸ் நோட்டில் என் எதிர்ப்பின் காரணத்தையும் சேருங்கள்.

ஒன்று மட்டும் கூட்டம் வரைக்கும் காத்திருக்க முடியாது. செயலாளர் சார், மூன்றாவது மாடி வீட்டுக்கு இன்று சாயங்காலமே நீங்கள் நேரில் போய், அந்த வாஷிங் மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள். சங்கத்தின் செயலாளர் சொன்னால் கேட்பார்கள். அந்தப் பெண் நாளைக் காலை எட்டு மணிக்கு அங்கே வேலைக்குப் போகிறார்.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாவது மாடியில் குடியிருக்கும் உங்கள் சங்க உறுப்பினர்